பிறர் போட்ட குடும்ப மரத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா?

வேர்தேடி:
ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி போன்ற குடும்ப வரலாற்றுத் தளங்களில் நாலு பெயரைப் போட்டதுமே, இன்னார் உங்கள் முன்னோராக இருக்கலாம் என்று பரிந்துரை வந்து விழுகிறது. ஐந்து மரங்களில் ஒரே பெற்றோர் பெயர் இருந்தால் சேர்த்துவிட்டு மேலே போவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொருவருக்கும் மூல ஆவணம் பார்த்தால் மூன்றாம் தலைமுறையிலேயே ஆயுள் முடிந்துவிடும்.

ஏட்டுப்பித்தன்:
அந்த ஐந்து பேரும் தனித்தனியாகத் தேடினார்களா, ஒருவர் எழுதியதை நால்வர் நகலெடுத்தார்களா? ஒவ்வொரு மரத்திலும் ஆதாரப் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே இன்னொரு மரத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறதென்றால், ஐந்தும் சேர்ந்து ஒரு சாட்சிகூட இல்லை.

இந்தப் பரிந்துரைகள் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பொருத்திப் பார்த்து வருபவை. அவை வழுக்கும் இடம் ஒன்று உண்டு: குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள், ஒரே பெற்றோர், ஒரே பெயர். நிரல் முதல் பதிவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, இரண்டு வயதில் இறந்த குழந்தைக்கு எட்டுப் பிள்ளைகள் இருப்பதாக மரம் காட்டும்! பிறப்பு கிடைத்ததும் நிறுத்தாமல் அடுத்த பத்தாண்டு அடக்கப் பதிவேட்டையும் புரட்டச் சொல்வது இதனால்தான்.

வேர்தேடி:
அப்படி அபத்தமாக இருந்தால் தளமே எச்சரிக்கை காட்டுமே. பிறப்புக்கு முன்பே இறப்பு என்றால் சிவப்புக் குறி வருகிறது.

ஏட்டுப்பித்தன்:
வரும், சரியான பதிவுக்கும் வரும். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான். 1740 டிசம்பரில் பிறந்து அடுத்த பிப்ரவரியில் இறந்த குழந்தைக்கும் பதிவேட்டில் இறப்பு ஆண்டு 1740தான். எச்சரிக்கையைப் பார்த்துத் 'திருத்தினால்' நல்ல தகவல் கெட்டுப்போகும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1740/41 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

சென்டிமார்கன்:
இவ்வளவு தலைவலி எதற்கு? மரபணுச் சோதனை செய்தால் உறவு உண்டா இல்லையா என்று எண்ணே சொல்லிவிடுமே.

ஏட்டுப்பித்தன்:
எண் சொல்லும், உறவின் பெயரைச் சொல்லாது. சுமார் 1,750 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு) என்றால் தாத்தா, மாமா, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதரர் என மூவருக்கும் பொருந்தும். ஐந்து தலைமுறைக்கு மேலே ஒரே தம்பதியில் இணைபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொருத்தமே காட்டாது. பொருத்தம் இல்லை என்பதால் உறவு இல்லை என்றாகாது.

சென்டிமார்கன்:
அது தொலைதூர உறவுக்கு. கொள்ளுத்தாத்தா பாட்டி பொதுவாக இருப்பவர்களுக்குச் சராசரி 230 சென்டிமார்கன் அளவில் நிச்சயம் தெரியும். போலி ஆவணம் உண்டு, போலி குரோமோசோம் கிடையாது.

ஏட்டுப்பித்தன்:
உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணமுடித்த குடும்பமா? அந்த 230 பல வழிகளில் சிறு துண்டுகளாகச் சேர்ந்ததாக இருக்கலாம். மொத்தத்தை விட்டு, மிக நீண்ட துண்டின் அளவைப் பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் கீழ் உள்ள துண்டுகளில் தற்செயல் பொருத்தமே நிறைய.

நிழல்மரம்:
இன்னொன்று. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. 2023இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் நடந்த தகவல் திருட்டில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் போனது. உள்நுழையப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ 14,000தான். உறவினர்களைக் காட்டும் வசதி வழியாக மற்றவர்களும் சிக்கினார்கள்.

வேர்தேடி:
சரி, ஆவணம்தான் என்றே வைத்துக்கொள்வோம். தேடினால் எதுவும் வருவதில்லையே?

ஏட்டுப்பித்தன்:
தேடுபெட்டியில் வராதது இல்லாதது ஆகாது. ஃபேமிலிசர்ச் தன் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021இல் டிஜிட்டலாக்கி முடித்தது. பெயர் அட்டவணை எல்லாவற்றுக்கும் இல்லை. கேட்டலாக் என்ற தொகுப்புப் பட்டியலில் ஊர்ப்பெயரைப் போட்டு, ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். சில தொகுப்புகள் அவர்களுடைய மையங்களில் மட்டுமே திறக்கும்.

அட்டவணை உள்ளவற்றில் குறைவாகக் கேளுங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் ஒரு தவறான எழுத்து போதும், ஆள் காணாமல் போய்விடுவார். குடும்பப் பெயரை விட்டுவிட்டுப் பெற்றோர் பெயர்களை மட்டும் போடுங்கள். சந்தேக எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி. ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து விடுங்கள். கணக்கெடுப்பில் வயதை 40, 45 என்று உருட்டிச் சொன்னவர்கள் ஏராளம். கிடைத்த பக்கத்தோடு முன் பக்கம், பின் பக்கமும் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துகளில் மைத்துனர்கள் ஒளிந்திருப்பார்கள்.

வேர்தேடி:
ஊகங்களைத் தனி மரத்தில் வைத்துக்கொள்கிறேன், அதையும் தடுக்காதீர்கள்.

நிழல்மரம்:
தாராளமாக. ஆனால் ஃபேமிலிசர்ச்சில் வேண்டாம், அது எல்லோரும் திருத்தும் ஒரே பொது மரம். கணினியிலேயே வைத்து கெட்காம் (குடும்ப மரத் தகவலுக்கான பொது வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்வு செய்யாவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். கெட்காமின் 5.5.1 பதிப்பில் படங்கள் கோப்போடு சேர்ந்து வராது, படக் கோப்பின் பெயர் மட்டும்தான் வரும். படங்களைத் தனியாக நகலெடுத்துவிடுங்கள்.