மோட்டார் ஹோம் கழிவுநீர் டேங்க்: வால்வு ஓரத்துல விரிசல், எபாக்ஸி நிக்கல

கேள்வி:
வீடு மாதிரி உள்ளேயே தங்குற மோட்டார் ஹோம் வண்டிக்கு அடியில இருக்கிற கழிவறை டேங்க்ல, வால்வு பொருத்தியிருக்கிற இடத்துலேர்ந்து மேல்நோக்கி 8 செ.மீ. விரிசல். டேங்க் நிரம்ப நிரம்ப சொட்டு அதிகமாகுது. ரெண்டு தடவை எபாக்ஸி பசை போட்டாச்சு, தோல் மாதிரி உரிஞ்சு வருது. டேங்க்கைக் கழற்றாம சரி பண்ண வழி இருக்கா?

பதில்:
முதல்ல அது என்ன பிளாஸ்டிக்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். விரிசல் ஓரத்துல ஒரு சீவல் எடுத்து, சோப்பு ஒரு துளி கலந்த தண்ணியில அமுக்கி விடுங்க. மூழ்கினா பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற பிளாஸ்டிக். அசிட்டோன் தொட்டுத் தேய்ச்சாலும் பிசுபிசுன்னு ஆகும். மிதந்தா பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். தொட்டா மெழுகு வழவழப்பு இருக்கும். அதுல எபாக்ஸியும் நிக்காது, சிலிக்கானும் நிக்காது.

ஏபிஎஸ்னா வேலை சுலபம். அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோன்ல ஊறவெச்சுக் கூழாக்கி, கண்ணாடி இழை வலையோட மெல்லிசா மூணு நாலு பூச்சு. ஒரேயடியா தடிமனாப் பூசினா உள்ள கரைப்பான் மாட்டிக்கிட்டுக் குமிழ் விடும்.

கேட்டவர்:
சீவல் மிதக்குது. அசிட்டோன் பட்டும் ஒண்ணும் ஆகல. டேங்க் மேல ஹெச்டிபிஇ (அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன்) முத்திரை இருக்கு.

பதில்:
அப்போ பசையை மறந்துடுங்க, உருக்கித்தான் சேர்க்கணும்: சூடான காத்து அடிக்கிற கன்னால, அதே பிளாஸ்டிக்ல செஞ்ச குச்சியை (ராடு) உருக்கி வெல்டு பண்ணணும். வால்வு விளிம்பு ஓரத்துல கன் நுழையாது, அதனால டேங்க்கை இறக்கிடுறது நல்லது. உள்ள இருக்கிற தண்ணி ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ கனக்கும், முழுசா வடிச்சிட்டு இறக்குங்க.

சூடு காட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை அலசி, எல்லா வாயையும் திறந்து வெச்சு ஃபேன் காத்து விடுங்க. உள்ள மீத்தேன் தங்கியிருக்கும், அது தீப்பிடிக்கும். பிளீச்சும் ஆசிட் கிளீனரும் சேர்த்து ஊத்திடாதீங்க, குளோரின் வாயு வரும்.

விரிசலோட நுனி கண்ணுக்குத் தெரியுற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியே இருக்கும். டார்ச்சை உள்ளேயிருந்து அடிச்சுப் பார்த்தா மயிரிழையாத் தெரியும். அங்க 3 மி.மீ. துளை போடுங்க, இல்லைன்னா வெல்டுக்கு அப்புறமும் விரிசல் ஓடும். விரிசல் நெடுக, சுவர் தடிமன்ல முக்கால் பங்கு ஆழத்துக்கு வி வடிவப் பள்ளம். ரெண்டு பக்கமும் 1 செ.மீ. மேல்தோலைப் பிளேடால சுரண்டுங்க. காத்து பட்டுப் பழசான தோல் உருகிச் சேராது. உப்புத்தாள் போட்டா தூசி உள்ள அமுங்கிடும், சுரண்டுறதே மேல்.

கன் முனையில 270–300 டிகிரி செல்சியஸ் போதும். ராடும் சுவரும் ஒரே நேரத்துல பளபளன்னு ஈரமாத் தெரியணும். அப்போ அழுத்திக்கிட்டே நகருங்க. பழுப்பா மாறினாலோ புகை வந்தாலோ கருகிடுச்சுன்னு அர்த்தம். ராடு சரியானதான்னு முன்கூட்டியே டேங்க் ஓரத்துல 3 செ.மீ. வெல்டு பண்ணி, ஆறினதும் இடுக்கியால இழுங்க. சுவரையும் பிய்ச்சுக்கிட்டு வந்தா சரி, சுத்தமாக் கழண்டா வேற பிளாஸ்டிக். கடைசியா வெல்டு மேல துருப்பிடிக்காத எஃகு வலையை சால்டரிங் அயர்னால அமுக்கி, மேல இன்னொரு வரி ராடு.

பதில்:
மேல சொன்னது சரி, ஆனா அந்த இடம் ஏன் விரிசல் விட்டுச்சுன்னு பார்க்காம மாட்டாதீங்க. வால்வுக்கு அப்புறம் போற பைப் தொங்கிக்கிட்டு இருந்தா, ஓட்டத்துல அது நெம்புகோல் மாதிரி டேங்க் கழுத்தை ஆட்டும். பைப்பைச் சட்டத்தோட கிளாம்ப் போட்டுத் தாங்குங்க. டேங்க் அடியும் ரெண்டு பட்டையில மட்டும் உக்காராம பலகை மேல முழுசா உக்காரணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி வெளியிலயே, அடிப்பக்கம் முழுக்கத் தாங்குற மாதிரி வெச்சு, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி 24 மணி நேரம் விடுங்க. வெல்டு ஓரத்துல டிஷ்யூ பேப்பர் ஒட்டி வெச்சா, சொட்டுறதுக்கு முந்தின கசிவுகூடத் தெரிஞ்சிடும்.