சிங்கப்பூரில் மூன்று நாள்: ரயில், சாப்பாடு, பில் – எங்கே தடுக்கும், ஏன்?

தேக்கா வாசி:
சிங்கப்பூருக்கு முதல்முறை வருகிறவர்கள் ‘என்னென்ன பார்க்கலாம்’ என்று நீளமாகப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பார்க்க வேண்டியவை எங்கேயும் ஓடிப்போவதில்லை. காசும் நேரமும் கரைவது ரயில் கதவிலும் சாப்பாட்டு மேசையிலும்தான். இந்த இணையத் திரியில் அதை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதுவோம்.

முதலில் நுழைவு. விசா வேறு, வருகை அட்டை வேறு. விசா கையில் இருந்தாலும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும், ஒரு காசு கட்டணம் கிடையாது. தேடுபொறியில் மேலே வருகிற சில தளங்கள் இதற்கே பணம் கேட்கும். குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளம் கேட்காது. ஏமாறுவது பெரும்பாலும் கடைசி நேர அவசரத்தில்தான்.

சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கச் சோதனையின் சிவப்புப் பாதையில் சொல்ல வேண்டும். மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். சூயிங்கம்மையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வரைபடம்:
சாங்கி விமான நிலையத்தில் ரயில் நிலையம் 2, 3ஆம் முனையங்களுக்கு அடியில். நள்ளிரவுக்குச் சற்று முன்பே கடைசி ரயில் போய்விடும், காலை 5.30 வாக்கில்தான் முதல் ரயில். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதலாக ஏறும், அதன்மேல் விமான நிலையக் கட்டணம் தனி. நாலரை மணிக்கு இறங்கினால் முகம் கழுவி ஒரு கோப்பி குடித்துவிட்டு ரயிலைப் பிடிப்பதே லாபம்.

ரயில், பேருந்துக் கட்டணத்துக்குத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே கதவில் தட்டலாம். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளும் 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) நிர்வாகக் கட்டணம் சேரும். இங்கே மூன்று தவறுகள் நடக்கும்:

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் ‘வெளிநாடு’, ‘தொடாமல் செலுத்துதல்’ இரண்டையும் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதவு திறக்காது, பின்னால் வரிசை நிற்கும்.

உள்ளே போகும்போது அட்டை, வெளியே வரும்போது அதே அட்டை ஏற்றிய கைபேசி என்று தட்டக் கூடாது. கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு. இரண்டு அரைகுறைப் பயணமாகக் கணக்காகிக் கூடுதலாகப் பிடிக்கும். ஓர் அட்டையை இருவர் பங்கு போடவும் முடியாது.

பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் மறந்தால், அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம்வரை கட்டணம் போய்விடும்.

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம் போகிறவர்களுக்கு: சாங்கியிலிருந்து ஒரே நிறுத்தம், எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் ரயில் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா.

கால்நடை:
மேலே ‘வரைபடம்’ எழுதியதில் ஒரு பொறி இருக்கிறது. டவுன்டவுன் தடம் ஒரு சுருக்குக் கயிறு மாதிரி. எக்ஸ்போவிலிருந்து வரும்போது ஜாலான் புசார் நிலையமே லிட்டில் இந்தியாவின் விளிம்பில்தான் இருக்கிறது. ஆனால் ரயில் அதைத் தாண்டி, சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று ஊரைச் சுற்றிப் பத்து நிலையம் கழித்துத்தான் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வரும். கைப்பை மட்டும் இருந்தால் ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம். பெரிய பெட்டி இருந்தால் தானா மேராவில் பச்சைத் தடத்துக்கு மாறி, பூகிஸில் இறங்கி, டவுன்டவுன் தடத்தில் இரண்டே நிறுத்தம். இரண்டு முறை மாற வேண்டும், ஆனாலும் சீக்கிரம்.

வரைபடம்:
ஒத்துக்கொள்கிறேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் சுற்றுவது தெரியாது என்பதால் யாரும் சொல்வதில்லை.

கோப்பி ஓ:
காபிக்கு வருவோம். உணவங்காடியில, அதாவது சின்னச் சின்னக் கடைகள் ஒரே கூரைக்கு அடியில இருக்கிற இடத்துல, பானக் கடை தனி, சாப்பாட்டுக் கடை தனி. பிரியாணிக் கடையில டீ கேட்டா கையைக் காட்டுவாங்க, அவ்வளவுதான்.

வெறும் ‘கோப்பி’ன்னு சொன்னா கெட்டிப் பால், அதாவது மில்க்மெய்ட் மாதிரி இனிப்புப் பால் ஊத்திதான் வரும். நம்ம ஊர் பால் காபிக்குக் கிட்டத்தட்ட வேணும்னா ‘கோப்பி சி’. அது சுண்டக் காய்ச்சின இனிப்பில்லாப் பால், சர்க்கரை தனியா போடுவாங்க. பாலே வேண்டாம்னா ‘கோப்பி ஓ’, ஆனா அதுலயும் சர்க்கரை உண்டு. சர்க்கரை அறவே கூடாதுன்னா கடைசியில ‘கோசோங்’ சேர்க்கணும். குறைச்சலா வேணும்னா ‘சியூ டாய்’, திக்கா வேணும்னா ‘காவ்’, ஐஸ் போட்டா ‘பெங்’. டீக்கும் இதே சூத்திரம்: ‘தே’, ‘தே சி’, ‘தே ஓ’. சர்க்கரை நோயாளி ‘நோ சுகர்’னு சொல்லி ‘கோப்பி’ கேட்டா பயனில்லை, இனிப்பு பால்லயே இருக்கு. ‘கோப்பி சி கோசோங்’, இதை மனப்பாடம் பண்ணிக்குங்க.

கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுப்பாங்க, துணிப்பையில வடிகட்டுவாங்க. அதனாலதான் அந்தக் கசப்பு. பழகிட்டா விட மாட்டீங்க.

மேசையில ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியா கிடந்தா யாரோ மறந்துட்டுப் போனதில்லை. ‘இடம் பிடிச்சாச்சு’ன்னு அர்த்தம், இங்க இதுக்குப் பேரு ‘சோப்’. எடுத்து ஓரமா வெச்சுட்டு உட்கார்ந்தா முகம் சுளிப்பாங்க.

சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்கணும். 2021 செப்டம்பர்லருந்து இது சட்டம். முதல் தடவை எழுத்துல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தட்டு அடுக்குற இடம் ஹலாலுக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். எழுதியிருக்கிறதைப் பார்த்து வைங்க.

சைவப்பட்சி:
‘அசைவம் இல்லாமல்’ என்ற சொல் சீனக் கடையில் வேலை செய்யாது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தால் சைவம் என்றே பலர் நினைக்கிறார்கள். எது எதில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

கோழிச் சோற்றில் கோழியை விட்டுவிட்டு ‘சோறு மட்டும்’ கேட்பது பயனில்லை, அந்த அரிசி வெந்ததே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் மசாலாவில் காய்ந்த இறால், பெலாச்சான் (புளித்த இறால் விழுது). சீன ரொஜாக் பார்வைக்குப் பழக்கலவை, மேலே ஊற்றுவது இறால் விழுது. ‘கேரட் கேக்’கில் கேரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை: முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்ததை முட்டையோடு வறுப்பார்கள், பல கடைகளில் பன்றிக் கொழுப்பில். கீரைப் பொரியல்கூடச் சிப்பிச் சாற்றோடு வரும்.

வழி இரண்டு. பெரும்பாலான உணவங்காடிகளில் ஒரு சீன சைவக் கடை இருக்கும். பௌத்தர்களுக்கானது, பெயர்ப் பலகையில் ‘வெஜிடேரியன்’ என்று எழுதியிருக்கும். அங்கே ‘வாத்து’, ‘கறி’ என்று தெரிவதெல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும். முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை. 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் இன்னும் நடக்கின்றன.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். ஹலால் கடையில் பன்றி இருக்காது, மாடு இருக்கலாம். ரெண்டாங் (மலாய் மசாலாக் கறி) என்றால் பெரும்பாலும் மாடு. முர்தபாவிலும் (கறி அடைத்த பரோட்டா) என்ன கறி என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

தேக்கா வாசி:
தேக்கா சந்தை லிட்டில் இந்தியா நிலையத்தின் சி வாயிலை ஒட்டியே. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை (மீன், இறைச்சி, காய்கறி), ஒரு பக்கம் உணவுக்கடைகள். பகல் ஒன்றரைக்கு மேல் போனால் நல்ல பிரியாணிச் சட்டிகள் காலியாக இருக்கும். 11.30தான் சரியான நேரம். பிராட்டா (நம் பரோட்டாதான், இங்கே ர இடம் மாறிவிட்டது) காலையில் சாப்பிட வேண்டியது. கையில் 2, 5, 10 வெள்ளித் தாள்கள் வைத்திருங்கள். உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் கட்டுவதைப் பார்த்து நம் அட்டையை நீட்டினால் பல கடைகளில் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று: உணவங்காடிகளைச் சுத்தம் செய்ய மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக மூடுவார்கள். சுற்றுச்சூழல் வாரியம் தேதிகளை முன்பே வெளியிடும். ஒரே ஒரு கடைக்காகத் தீவின் அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மீன்தலைக் கறிக்கு ரேஸ்கோர்ஸ் சாலை. கேரளத்துச் சமையல்காரர் ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தொடங்கியது இந்தப் பண்டம், கேரளத்தில் இந்த வடிவில் கிடைக்காது. சின்னத் தலையே இரண்டு மூன்று பேருக்குக் காணும். சோறு தனி விலை.

பில்காரன்:
உணவங்காடியில் பலகையில் போட்டிருப்பதுதான் விலை. குளிர்சாதன உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம்: 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளி சாப்பாடு 119.90 ஆகும். டிப்ஸ் தனியாக வைக்கத் தேவையில்லை.

சீன உணவகத்தில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத்துண்டும் வைப்பார்கள். இலவசமில்லை. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுங்கள், பில்லில் ஏறாது.

பெரிய அடி விழுவது நண்டில். விலைப்பட்டியலில் எண் இருக்காது, ‘அன்றைய விலை’ என்றிருக்கும். மூன்று கேள்வி கேளுங்கள்: கிலோ என்ன, இந்த நண்டு எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு வரும்? மீனுக்கு 100 கிராம் விலையைச் சொல்வார்கள், அதைத் தட்டின் விலை என்று நினைத்துத் தலையாட்டிவிடுவது வழக்கமாக நடக்கிற விபத்து. சில்லி நண்டின் குழம்பைத் தொட்டுக்கொள்ளப் பொரித்த மந்தோ ரொட்டி, அதுவும் தனிக் கணக்கு.

கால்நடை:
மாலை ஒளிக்காட்சிகளைக் காசில்லாமல் பார்க்க ஒரு வரிசை. மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டல் முன்னால் நீர்க்காட்சி 8 மணி, 9 மணி. அதன் பின்னால் கார்டன்ஸ் பை தி பே பூந்தோட்டத்து ராட்சதச் செயற்கை மரங்களில் ஒளிக்காட்சி 7.45, 8.45. ஒவ்வொன்றும் கால் மணி நேரம். 7.45ஐப் பார்த்துவிட்டு 8 மணிக்கு ஓடினால் பிடிக்க முடியாது, நடையே கால் மணிக்கு மேல். 8 மணிக்கு நீர்க்காட்சி, முடிந்ததும் கடைத்தொகுதி வழியாக ஏறி, ஓட்டலைக் கடக்கும் பாலத்தில் 8.40க்குள் மரங்களடிக்கு. அங்கே எல்லாரும் தரையில் மல்லாந்து படுத்திருப்பார்கள், நீங்களும் படுங்கள். மின்னல் வெட்டினால் காட்சி ரத்தாகலாம்.

பிறகு பசித்தால் பேஃபிரண்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தெலுக் ஆயர், அங்கிருந்து நடந்தால் லாவ் பா சாட் உணவங்காடி. 1894இன் வார்ப்பிரும்புக் கூரைக் கட்டடம். இரவானதும் பக்கத்துத் தெருவை அடைத்துச் சாத்தே (குச்சியில் கோத்த கறி) சுடுவார்கள். ‘செட்’ என்று கேட்டால் மாட்டிறைச்சியும் கலந்து வரலாம். கோழி இத்தனை, ஆடு இத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். பத்துக் குச்சிக்குக் குறைந்து பெரும்பாலும் தரமாட்டார்கள்.

கோவில்களுக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில், 1827இல் தொடங்கியது, மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். அந்த வெயில் நேரம் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பொருந்தும், திங்கள் விடுமுறை.

பில்காரன்:
ஊருக்குத் திரும்பும்போது ஜிஎஸ்டி திரும்பப் பெற: ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், மூன்று ரசீது வரை சேர்க்கலாம். பில் போடும்போதே பாஸ்போர்ட் காட்ட வேண்டும், பிறகு போய்க் கேட்டால் நடக்காது. பொருள் பெரிய பெட்டியில் போகிறதென்றால் பெட்டியை விமானத்தில் போடும் முன்பே விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்பப் பெறும் இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். சோதனைக்குப் பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும். கட்டிய வரி முழுதாக வராது, சேவைக் கட்டணம் போக மீதிதான்.