தினமும் ராத்திரி டைரி எழுதியும் கோபம் குறையவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

சாயங்காலப்புலி:

எல்லோருக்கும் வணக்கம். 38 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கம்பெனியில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். ஆர்டர் கொடுக்கிற பையர் அஞ்சு தடவை ஷேடு சரியில்லை என்று சாம்பிளைத் திருப்பினாலும், டையிங்கிலிருந்து துணி வராமல் ஷிப்மென்ட் தேதி கழுத்தை நெரித்தாலும், "பார்க்கிறேன் சார், முடித்துவிடலாம்" என்றுதான் என் வாயிலிருந்து வரும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆள் மாறிவிடுகிறேன். பையன் மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் போதும், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறேன். போன மாதம் ஒரு நாள் அவன் நோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவன் அழவில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்து, மடங்கிப்போன தாளைக் கையால் நீவிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தினமும் படுப்பதற்கு முன் அன்றைய நாளை எழுதிப் பார்த்தால் தன்னடக்கம் வரும், உணர்வுகளைக் கையாளத் தெரியும் என்று ஒரு நண்பர் சொன்னார். 40 நாளாக விடாமல் எழுதுகிறேன். திருப்பிப் படித்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது: "இன்றும் கத்தினேன். நானெல்லாம் ஒரு அப்பாவா. நாளையிலிருந்து கத்தக் கூடாது." மறுநாள் திரும்பவும் அதேதான். எழுதி முடித்துப் படுக்கும்போது முன்னைவிட மனசு கனமாக இருக்கிறது. இது எனக்குச் சரிப்படாதா, இல்லை எழுதுகிற முறையில் தப்பா?

கணக்கு டீச்சர்:

நீங்கள் எழுதுவது டைரி இல்லை சார், தீர்ப்பு. தினமும் ராத்திரி கோர்ட்டைக் கூட்டி, நீங்களே குற்றவாளி, நீங்களே நீதிபதி. நடந்தது என்ன என்று அதில் ஒரு வரிகூட இல்லையே!

நானும் வகுப்பில் கத்துகிற ஆளாக இருந்தவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். "நான் ஏன் இப்படி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அந்த ஏன் நம்மைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடும். சூசன் நோலன் ஹோக்செமா என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான்: வருத்தத்தையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருப்பது சிந்தனை மாதிரி தோன்றும், ஆனால் மனச்சோர்வைத்தான் கூட்டும். கத்துவதற்கு முந்தைய அரை மணி நேரத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். மணி என்ன, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கையில் போன் இருந்ததா, உடம்பில் எது முதலில் மாறியது. எனக்குக் காது மடல் சூடாகும், அதைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வாரம் ஆனது. இன்னொன்றும் தெரிந்தது. நான் கத்திய நாட்களில் பெரும்பாலானவை மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். பிள்ளைகளைக் குறை சொன்னது பாதி என் வயிறு.

அப்புறம், கோபம் என்ற வார்த்தையை ஒரு வாரம் டைரியில் எழுதாதீர்கள். டென்ஷன் என்பதையும்தான். நம் ஆட்கள் இந்த ரெண்டு வார்த்தையிலேயே வாழ்க்கையை ஓட்டிவிடுகிறோம். தமிழில் எத்தனை இருக்கிறது பாருங்கள்: எரிச்சல், ஆத்திரம், ஆற்றாமை, ஏமாற்றம், அவமானம், பயம், அலுப்பு. அன்றைக்கு வந்தது இதில் எது? 2007இல் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரின் குழு மூளை ஸ்கேனில் பார்த்தது ஒன்று உண்டு, கோபமோ பயமோ காட்டும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்வுக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பதும் வீட்டில் வாய்ப்பாடு கேட்பதும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் சரியான பெயர் கிடைத்தவுடனே பாதி இறங்கிவிடும்.

மொட்டைமாடி:

டீச்சர் சொன்னதற்கு மேல் கொஞ்சம். இந்த ராத்திரிக் கணக்கு ரொம்பப் பழைய பழக்கம். ரோமில் செனெகா என்ற தத்துவவாதி, ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்னால், கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை எடுத்துப்போன பிறகு, இவர் பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருந்துவிட, அன்று முழுக்கச் சொன்னதையும் செய்ததையும் ஒன்று விடாமல் புரட்டிப் பார்ப்பாராம். அவர் தன்னைத் திட்டிக்கொள்வதில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். இதை இனிமேல் செய்யாதே, இந்த முறை உன்னை மன்னித்துவிட்டேன் என்று தனக்கே சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். உங்கள் டைரியில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை, பிறகு தூக்கம் எப்படி வரும்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள் (இந்தத் திரியில் வேறு எப்படிச் சொல்வது!). கம்பெனியில் பொறுமைசாலி என்று எழுதியிருக்கிறீர்கள். வள்ளுவர் அதற்கு மதிப்பெண் போட மாட்டார். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்", வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள். நம் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். பையரிடம் உங்கள் கோபம் செல்லாது. எட்டு வயசுப் பையனிடம் செல்லும். அதனால் டைரியில் பையரையும் எழுதுங்கள், காலையில் அவரிடம் விழுங்கியது என்ன, சாயங்காலம் துப்பியது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில்.

நாலு வரி போதும்:

ரொம்ப யோசிக்கிறீர்கள் எல்லோரும். சாப்பிட்டு, குளித்து, அரை மணி நேரம் கழித்துப் பையனோடு உட்காருங்கள். அவ்வளவுதான். டைரி வேண்டாம்.

கணக்கு டீச்சர்:

அந்த அரை மணி நேரம் வேண்டும் என்பதே எனக்கு எழுதிப் பார்த்துத்தான் தெரிந்தது தம்பி.

சாயங்காலப்புலி:

சண்டை வேண்டாம், ரெண்டையும் செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம். நாள் முழுக்க அடக்கி அடக்கி மனவலிமை தீர்ந்துபோய், சாயங்காலம் மிச்சமில்லாமல் ஆகிவிடுகிறதோ? எங்கோ படித்தேன்.

மொட்டைமாடி:

படித்திருப்பீர்கள், 1998இல் பாமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்டது. பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னவர்கள், பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள் என்ற சோதனை. ஆனால் 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, வேறொரு சோதனையை வைத்து, இந்தக் கருத்து நிற்கிறதா என்று பார்த்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அதனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், அது நல்ல சாக்காகிவிடும். களைப்பு நிஜம்தான், அதை மறுக்கவில்லை. அதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்து வையுங்கள். "கத்த மாட்டேன்" என்பது ஏற்பாடு இல்லை. "வாய்ப்பாட்டில் மூன்றாவது தடவை தப்பு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்", இது ஏற்பாடு. இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்பே சொல்லி வைப்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார், வெறும் உறுதிமொழியைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

மாவு அரைக்கிறவள்:

இவ்வளவு பேர் பேசியும் ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணா, 40 நாளாக டைரியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். பையனிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? அவனுக்கு உங்கள் டைரி தெரியாது, நோட்டு பறந்தது மட்டும்தான் தெரியும். என் அப்பாவும் கத்திவிட்டு ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு வந்து தலையைத் தடவுவார். நான் முழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருப்பேன். பாசம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் மறுநாள் சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் வயிறு பிசையும். அந்தப் பிசைச்சல் இன்றும் ஹாரன் சத்தத்துக்கு வருகிறது. எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினதில் ஒரு வரி அவன் காதில் விழ வேண்டும். உங்கள் வீட்டம்மாவிடமும் கேளுங்கள், நீங்கள் கத்தப்போவது அவர்களுக்கு உங்களைவிட ரெண்டு நிமிடம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

சாயங்காலப்புலி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஷிப்மென்ட் நேரம்.

டீச்சர் சொன்ன மாதிரி எழுதினேன். கத்திய நாள் ஆறு. ஆறில் ஐந்து நாள், வீட்டுக்குள் நுழையும்போது போனில் பையர் மெயிலைப் படித்துக்கொண்டே நுழைந்திருக்கிறேன். எனக்குத் தாடை இறுகுகிறது, பல்லைக் கடிப்பதை நானே கவனித்ததில்லை. மனைவியிடம் கேட்டேன், "நீங்க வாட்ச்சைக் கழற்றி டக்கென்று வைத்தால் ஆரம்பம்" என்றாள், யோசிக்கவே இல்லை.

அந்த உணர்வுக்குப் பெயர் தேடியபோதுதான் கஷ்டமாக இருந்தது. கோபம் இல்லை. பயம். நானும் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் வெளியே முட்டி போட்டவன். இதைப் பையனிடம் சொல்லி, நோட்டை எறிந்தது அப்பா செய்த தப்பு என்றும் சொன்னேன். அவனுக்கு நான் முட்டி போட்ட கதைதான் பிடித்திருக்கிறது, தினமும் கேட்கிறான்.

இப்போது போனை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன். நேற்று மறந்து கையிலேயே எடுத்துவந்துவிட்டேன், கத்தவும் செய்தேன். பையன் நோட்டை மூடிவிட்டு, "அப்பா, போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றான்.