வேப்பமர நிழலில முகம் கறுத்துப்போகுது, என்ன செய்யலாம்?

கமெராப்பிரியன்:
வாற கிழமை ஒரு சாமத்திய வீட்டுக்கு வெளியில வச்சுப் படம் எடுக்கவேணும். முற்றத்தில பெரிய வேப்பமரம். அதுக்கு அங்கால வெள்ளை மணலும் வெள்ளையடிச்ச மதிலும், ரெண்டிலயும் நல்ல வெயில். சோதிச்சுப் பார்த்தது: 50 மிமீ லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துவாரத்தின்ர அளவு; எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கான உணர்திறன்), அப்பேச்சர் பிரயோறிட்டி (துவாரத்தை நாங்கள் வைக்க, ஷட்டர் நேரத்தைக் கமெரா தானா வைக்கும்). மதில் வடிவா வருது, முகம் கறுப்பு. பிறகு கொம்பியூட்டரில வெளிச்சத்தைக் கூட்டினால் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு. பிளாஷ் ஒண்டு இருக்கு, றிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தட்டி) இல்லை.

நிழல்விளிம்பு:
ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 செக்கன் எண்டால் வெயிலுக்கு எஃப் 16, திறந்த நிழலுக்கு எஃப் 5.6. அதாவது 3 ஸ்டொப் வித்தியாசம் (ஒரு ஸ்டொப் எண்டால் வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லாட்டி பாதி). அடர்ந்த மரத்துக்குக் கீழ இன்னும் ஒண்டு கூடும். கமெராவுக்குள்ள இருக்கிற வெளிச்சம் அளக்கிற மீற்றர் மதிலைப் பார்த்துக் கணக்குப் போடுது, முகம் அடிபட்டுப் போகுது.

செற்றிங்கை மாத்த முதல் நிக்கிற பக்கத்தை மாத்துங்கோ. அந்த மதில்தான் உங்கட றிஃப்ளெக்டர்! பிள்ளையை மதிலைப் பார்க்க விட்டு, மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீங்கள் நில்லுங்கோ. மதிலில பட்ட வெயில் முகத்துக்கு நேரா வரும், மணலில பட்டது கண்குழிக்குள்ள கீழயிருந்து ஏறும். மரத்தடியோட ஒட்டி நிப்பாட்டவேண்டாம். நிழல் முடியிற இடத்திலயிருந்து 2, 3 அடி உள்ளுக்குப் போதும். உள்ளுக்குப் போகப்போக வெளிச்சம் மேலயிருந்துதான் வரும், கண் குழி விழும். பின்னணிக்கு நிழலிலேயே இருக்கிற கிடுகு வேலியோ விறாந்தையோ நல்லது.

மாநிறம்:
மேல சொன்னது சரி. ஆனா அளவை முகத்தில எடுக்கவேணும். ஸ்பொட் மீற்றரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிறது) போட்டு கன்னத்தில அளந்து, கமெரா தானா மாத்தாதபடி மனுவலில பூட்டிவிடுங்கோ. கொம்பென்சேஷன் (கமெராவின்ர கணக்கைக் கூட்டிக் குறைக்கிறது) +1.5 எண்டு பலர் சொல்லுவினம். பின்னணி மாறின உடன அது பிழைக்கும். மாநிறத்துக்கு ஸ்பொட் காட்டுறபடியே விடலாம். நல்ல கறுப்பெண்டால் 2/3 ஸ்டொப் குறையுங்கோ, இல்லாட்டி தோல் சாம்பல் பூத்தமாதிரி வெளிறும். வெள்ளையெண்டால் 2/3 கூட்டுங்கோ. மிஞ்சி வெளிறின இடத்தைக் காட்டத் திரையில மினுங்குற எச்சரிக்கை நகையிலயும் சரிகையிலயும் வந்தால் பறவாயில்லை, நெத்தியில வரக்கூடாது.

இலைக்குள்ளால விழுற வெயில் பொட்டுகளை எந்த மென்பொருளும் ஒழுங்கா எடுக்காது. யாழ்ப்பாணத்தில ஏப்ரல் நடுவிலயும் ஓகஸ்ட் கடைசியிலயும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேர மேல நிக்கும்; அந்த நாளுகளில மர நிழலை நம்பவேண்டாம். காலமை 9க்கு முதல், இல்லாட்டி பின்னேரம் 4க்குப் பிறகு.

கமெராப்பிரியன்:
நன்றி. மதிலில சோடனை செய்திருக்கினம், அது பின்னால தெரியவேணுமாம். அப்பிடியெண்டால்? முகத்தில ஒரு பச்சையும் அடிக்குது.

குடைவெளிச்சம்:
அப்ப பிளாஷ் வேணும். முதல் மதிலுக்குச் சரிப்படுத்துங்கோ: ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 8. மதில் ஒரு ஸ்டொப் வெளிச்சமா, பாக்க நல்லா இருக்கும். பிளாஷைக் கமெராவில இருந்து கழட்டி வெள்ளைக் குடைக்குள்ளால, முகத்துக்குச் சற்று மேல, 45 பாகைப் பக்கத்தில வையுங்கோ. பிளாஷின்ர வழிகாட்டி எண் (அதின்ர பலம்; எஃப் எண்ணால பிரிச்சால் எட்டுற தூரம் வரும்) 40 எண்டால் எஃப் 8இல நேரடியா 5 மீற்றர் எட்டும். குடை ஏறக்குறைய 2 ஸ்டொப் குடிக்கும், ஆகவே 2.5 மீற்றருக்குள்ள நிக்கவேணும். பின்னணி மங்கவேணுமெண்டால் 3 ஸ்டொப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டு எஃப் 2.8க்கு வாங்கோ. அதுக்குப் பதிலா ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலயும் பிளாஷ் அடிக்கிற முறை) போட்டால் அது பிளாஷின்ர பலத்தை நல்லாக் குறைச்சிடும்.

பச்சை, இலையால வடிஞ்சு வாற வெளிச்சம். ஓட்டோ வைற் பலன்ஸை (கமெரா தானா நிறத்தைச் சரிப்படுத்துறதை) நம்பாமல், சாம்பல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில பிடிச்சு ஒரு படம் எடுத்து அதில கஸ்டம் வைற் பலன்ஸ் வையுங்கோ. ஷேட் எண்ட செற்றிங் நீலத்தைத்தான் எடுக்கும், பச்சையை எடுக்காது; றோவில (கமெரா பதிஞ்ச முழுத் தரவும் இருக்கிற கோப்பு) எடுத்தால் பிறகு கொம்பியூட்டரில டின்டை (பச்சை-மஜெந்தா சாயலை) மஜெந்தா பக்கம் கொஞ்சம் தள்ளலாம். பிள்ளையை நிழல் விளிம்புப் பக்கமா ரெண்டு அடி நகர்த்தினால் பாதிப் பச்சை அதிலயே போயிடும்.