எரேமியா 34-ஐ வாலிபர்களுக்கு எப்படி விளக்கலாம்?

சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு வாலிபர் வேதபாடத்துக்கு எரேமியா 34 எடுக்கிறேன், உங்கள் உதவி வேண்டும்.

பாபிலோன் படை எருசலேமை நெருக்கும்போது யூதாவின் ராஜா சிதேக்கியாவும் பிரபுக்களும் எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை பண்ணுகிறார்கள், கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகிறார்கள், வாக்கை மீறினால் இந்தக் கன்றுக்குட்டியின் கதி எங்களுக்கும் வரட்டும் என்பதுபோல. அப்புறம் பாபிலோனியர் கொஞ்சம் விலகினதும், விட்டவர்களையே திரும்பப் பிடித்து அடிமையாக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறுவது இங்கேதான். ஆறு வருஷம் வேலை செய்தவனை ஏழாம் வருஷம் அனுப்பிவிட வேண்டும் என்பது மோசே காலத்துக் கட்டளை, அதையும் சேர்த்தே மிதிக்கிறார்கள். பட்டயம், கொள்ளைநோய், பஞ்சம் வரும், பாபிலோனியர் திரும்பி வந்து நகரத்தைச் சுட்டெரிப்பார்கள் என்று கர்த்தர் எச்சரிக்கிறார், அப்படியே நடந்தது.

என் கேள்வி இதுதான். ஆதியாகமம் 15-ல் கர்த்தர் ஆபிராமோடு உடன்படிக்கை பண்ணும்போது, வெட்டின மிருகங்களின் துண்டுகளின் நடுவே ஆபிராம் போகவில்லை, கர்த்தருக்கு அடையாளமாகப் புகைகிற சூளையும் நெருப்புச் சுவாலையும்தான் கடந்துபோகின்றன. இதை எரேமியாவோடு சேர்த்துச் சொல்லலாமா? லேவியராகமம் 26-ல் கீழ்ப்படியாதவர்களுக்குச் சொன்ன அத்தனை சாபங்களுக்கும் பிறகு 44-ம் வசனம் கர்த்தர் தம்முடைய உடன்படிக்கையை முறிக்கமாட்டார் என்கிறது, எச்சரிப்பின் கனம் குறையாமல் அதை எப்படிச் சொல்வது? இந்தப் பகுதியில் பிரசங்கித்தவர்கள், போதகர்கள் யாராவது கொஞ்சம் விரிவாக எழுதுங்கள், சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.