விசாரணை படத்துல முத்துவேல் நல்ல போலீஸா?

ராத்திரிப்பறவை:
நேத்து நைட்டு விசாரணை மறுபடி பாத்தேன். 2016ல தியேட்டர்ல குண்டூர் ஸ்டேஷன் அடியே தாங்க முடியாம பாதியில எந்திரிச்சுடலாம்னு இருந்துச்சு, இந்த தடவை முத்துவேல்ங்கிற தமிழ்நாட்டு போலீஸா வர்ற சமுத்திரக்கனி கேரக்டர்தான் மண்டைக்குள்ள சுத்துது. செய்யாத திருட்டுக்கு ஆந்திரால மாட்டிக்கிட்ட தமிழ் பசங்க தெலுங்கு தெரியாம கோர்ட்ல முழிக்கிறப்போ அவங்க சொல்றத ஜட்ஜுக்கு எடுத்து சொல்லி வெளிய கொண்டு வர்றதே அவர்தான். அந்தாளு நல்லவரா இல்ல மத்தவங்க மாதிரிதானா?

டீக்கடை பெஞ்ச்:
நல்லவர்லாம் இல்ல ப்ரோ. சரண்டர் ஆக வந்த ஆடிட்டர் கேகேவ அந்த பசங்களயே வச்சு கோர்ட்லேர்ந்து தூக்குறாரே, அதுக்கு பேரு என்ன? கேட்டா மேலிடத்து ஆர்டர். விசாரணைல கேகே செத்ததும் தூக்கு மாட்டிக்கிட்ட மாதிரி செட் பண்றாங்க, அதுக்கும் ஒத்துப்போறாரு. பசங்கள முடிச்சிடலாம்னு பேச்சு வர்றப்போதான் மனசு உறுத்துது, போங்க சார்.

கோவைக்காரன்:
உறுத்துனதுக்குத்தானே அவரையும் கூட இருக்கவங்களே போட்டுத்தள்ளுறாங்க, அத விட்டுட்டீங்களேங்க. முதல் பாதிதான் எங்கூரு ஆட்டோக்காரர் சந்திரகுமாரோட லாக்கப் புக்கு, முத்துவேல் கதையெல்லாம் வெற்றிமாறன் சேத்தது. ரெண்டாம் பாதி பாக்கறப்போ எனக்கு 2012 வேளச்சேரி என்கவுன்டர்தான் ஞாபகம் வந்துச்சு, பேங்க் கொள்ளைக்காரங்கன்னு சொல்லி ஒரே வீட்டுல 5 பேரு. சமுத்திரக்கனிக்கு நேஷனல் அவார்டு குடுத்தது அந்த மூஞ்சிக்குத்தான்னு நெனைக்கிறேன், ஆபீசர் பேசப்பேச ஒண்ணும் சொல்ல முடியாம நிப்பாரே.

மெட்ராஸ் மழை:
மூணு வருஷம் முன்னாடி போன் தொலஞ்சு கம்ப்ளைன்ட் குடுக்க போனேன். ரைட்டர் ரொம்ப தன்மையா உக்கார வச்சு தண்ணியெல்லாம் குடுத்தாரு, அப்புறம் தம்பி ஏ4 பண்டல் ரெண்டு வாங்கிட்டு வந்துடு, ஸ்டேஷன்ல பேப்பர் இல்லன்னாரு. வாங்கி குடுத்தேன், சிஎஸ்ஆர், அதான் கம்ப்ளைன்ட் குடுத்ததுக்கான ரசீது, உடனே கைக்கு வந்துச்சு. அவரு கெட்டவரான்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்ல தெரியல. மெட்ராஸ் வந்ததும் பசங்கள ஸ்டேஷன கிளீன் பண்ண சொல்வாங்கல்ல, அந்த சீன் வந்தாலே எனக்கு அந்த பண்டல்தான். விடுதலையாகி வந்தவன் கையில தொடப்பம், அவனும் உதவிதானேன்னு கூட்டுறான், அங்க இருந்ததாலதான் கேக்கக்கூடாததெல்லாம் காதுல விழுந்து தொலைக்குது.

ராத்திரிப்பறவை:
ஆமால்ல, முத்துவேல் அன்னிக்கே வீட்டுக்கு போங்கடான்னு அனுப்பியிருந்தா கதையே இல்ல. அந்த பசங்கள்ல மெட்ராஸ் வராம நடுவழில எறங்கிப்போற குமார பத்தி யாருமே பேசலயே, மறுநாள் பேப்பர்ல இவனுங்க போட்டோவ பாத்திருப்பானா?