குத்தும் உதையும்: புதிதாகச் சேருகிறவர் முதல் மூன்று மாதத்தில் எதைச் சந்திப்பார்?

கராத்தேயா, பாக்சிங்கா, முவாய் தாயா என்று கேட்கிறவருக்கு "இதுதான் சிறந்தது" என்று ஒற்றை வரியில் சொல்வதால் பயனில்லை. உங்கள் கலையில் புதியவருக்கு முதலில் எது கைக்கு வரும், எங்கே அடிபடும், எது வராமலே போகும் என்று கற்பிப்பவர்கள் எழுதுங்கள்.

குத்துச்சண்டை கற்பிப்பவர்

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் மோதிய வடசென்னையில் இதைச் சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அடிப்படைக் குத்துகள் நாலுதான்: ஜாப் (முன்கையால் நேர்க்குத்து), கிராஸ் (பின்கையால் நேர்க்குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது), அப்பர்கட் (கீழிருந்து மேலே குத்துவது). அதனால் மற்றக் கலைகளைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

முதல் வாரம் பெரும்பாலும் நிற்கப் பழகுவதிலேயே போகும். வலக்கைக்காரர் இடது காலை முன்வைத்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு விலக்கி, பின் குதிகாலைச் சற்றே தூக்கி நிற்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டால் பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவார். நகரும்போது எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போகும், மற்றது பின்னால் வரும். கால்கள் பின்னிக்கொண்டால் அந்த நேரத்தில் வாங்கும் சின்னக் குத்துக்கே தரைதான்.

ஜாப் போன கோட்டிலேயே திரும்ப வேண்டும். புதியவர் குத்திவிட்டுக் கையை மார்புக்குக் கீழே இறக்கி வளைத்துக் கொண்டுவருவார். எதிராளியின் வலக்கை அந்தத் திறப்பில்தான் நுழையும். கண்ணாடி முன்னால் மெதுவாகச் செய்து, குத்தின் முடிவில் தோள் தாடையைத் தொடுகிறதா என்று பார்த்தால் பாதிக் குறை போய்விடும்.

அடுத்தது கைப்பட்டை, கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணி. இதில் அலட்சியம் காட்டுகிறவர்கள்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பெரியவர்களுக்கு நாலரை மீட்டர் பட்டை வேண்டும். விரல்களை நன்றாக விரித்துக்கொண்டு கட்டுங்கள். மடக்கியபடி கட்டினால் விரல் முட்டிகளுக்கு இடம் சரியாக அமையாது. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, பட்டையைப் புறங்கை வழியாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக விட்டு எடுத்து, கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, மீதியை மணிக்கட்டிலேயே முடிக்க வேண்டும். முஷ்டி மடக்கினால் இறுக்கமாகவும், விரித்தால் விரல்நுனி நிறம் மாறாமலும் இருந்தால் கட்டு சரி.

குத்து சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளில் இறங்க வேண்டும். கோபத்தில் கையைச் சுழற்றி வீசுகிறவருக்குச் சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே உள்ள எலும்புதான் உடையும். பேக்குக்கு (தொங்கவிட்ட குத்துப்பை) 12 அவுன்ஸ் கிளவுஸ், ஸ்பாரிங்குக்கு (கூட்டாளியோடு மோதிப் பழகுவது) உடல் எடையைப் பொறுத்து 14 அல்லது 16. பேக்கில் அடித்து நைந்த கிளவுஸோடு ஸ்பாரிங் போகாதீர்கள். உள்ளே பஞ்சு செத்திருக்கும், எதிரே நிற்பவருக்குத்தான் வலிக்கும்.

இதில் வராமலே போவது கால் காப்பு. முன்காலில் எடை ஏற்றி நிற்கும் பழக்கம் தொடை உதைக்கு வசதியாகப் போய்விடும்.

முவாய் தாய் கற்பிப்பவர்

அந்த முன்காலைத்தான் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவார்கள். கை, முழங்கை, முழங்கால், கீழ்க்கால் என்று இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு இடத்தாலும் அடிக்கலாம் என்பதால் விடுபடும் இடம் குறைவு. பழக அதிக நாள் ஆகும்.

சுழல் உதையில் புதியவர் செய்யும் பெரிய தவறு, ஊன்றிய காலைத் திருப்பாமல் உதைப்பது. இடுப்பு திரும்பும், பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் முறுக்கு முழுக்க முழங்காலில் ஏறும். ஊன்றும் காலை வெளிப்பக்கம் சாய்வாக ஓர் எட்டு வைத்து, முன்பாதத்தில் சுழன்று, குதிகால் இலக்கைப் பார்க்கும்வரை திருப்புங்கள். படவேண்டிய இடம் கீழ்க்கால் எலும்பின் கீழ்ப்பாதி. புறப்பாதத்தால் உதைக்கிறவர் எதிராளியின் முழங்கையில் ஒருமுறை மோதினால் ஒரு வாரம் நொண்ட வேண்டியதுதான்.

கீழ்க்காலை உறுதியாக்கப் பாட்டிலை உருட்டுவது, கட்டையால் தட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பேக்கை மாதக்கணக்கில் உதைத்தாலே எலும்பு தானாகத் தேறும். எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலித்து, ராத்திரியிலும் குடைந்தால் உதைப்பதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஜோடிப் பயிற்சியில் ஷின் கார்டு (கீழ்க்கால் காப்பு) கட்டாயம். கழுத்தைப் பிடித்து நெருங்கி நின்று மோதும் கிளிஞ்ச் பழகும் நாளில் நகம் வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டாளியின் கழுத்தெல்லாம் கீறல்.

கராத்தே மாஸ்டர்

கராத்தே என்ற பலகையைப் பார்த்து மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். ஜப்பானின் ஓகினாவா தீவிலிருந்து ஃபுனகோஷி என்ற ஆசான் 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோன வழியில் வந்தது ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவு. மசுதாட்சு ஓயாமா உருவாக்கிய கியோகுஷின் அதிலிருந்து வெகுதூரம் விலகியது. கியோகுஷினில் உடம்பில் முழு வேகத்தில் குத்தலாம், தலைக்கு உதையும் உண்டு, ஆனால் முகத்தில் கைக்குத்துக்குத் தடை. எந்தக் கலையிலும் விதி எதைத் தடுக்கிறதோ அதற்கான காப்பு கையில் வளராது. கியோகுஷின் பழகியவர் நெஞ்சோடு நெஞ்சு நின்று தாங்குவார், முகத்துக்கு வரும் ஹூக்கைக் கவனிக்க மாட்டார். அடிக்கு அடி புள்ளி கொடுக்கும் புள்ளிக் கராத்தே பழகியவருக்குத் தூரக் கணக்கும் பாய்ச்சலும் அபாரமாக வரும், ஆனால் ஒரு அடி விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று உடம்பு நம்பிவிடும்.

கட்டாவில் (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுப்போம். அது எதிராளியைப் பிடித்து இழுக்கும் கை. அதே பழக்கத்தை ஸ்பாரிங்குக்குக் கொண்டுபோனால் முகம் திறந்துகிடக்கும். முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் நீண்ட நிலையில் முன்முழங்கால் உள்ளே மடங்காமல் கால்விரல் பார்க்கும் திசையிலேயே நிற்க வேண்டும்.

சேருவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: பெல்ட் தேர்வு வருடத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வகுப்பைப் பாருங்கள்.

ஒலிம்பிக் பாணி டேக்வாண்டோ போட்டியிலும் முகத்தில் குத்தக் கூடாது, அதனால் கைகள் தாழ்ந்தே இருக்கும். கால் வேகத்துக்கும் இடுப்பு நெகிழ்வுக்கும் சிறுவர்களுக்கு நல்ல தொடக்கம். நம் ஊர் வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசை பெரும்பாலும் சிலம்ப ஆசானிடமே கிடைக்கும். காலடி அருமையாக அமையும். வரிசை முடிந்ததும் எதிரே ஆள் நிறுத்திப் பழக்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்

எந்த வகுப்பானாலும், ஸ்பாரிங் நடக்கும் நாளில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மூத்தவர் புதியவரோடு இறங்கும்போது வேகத்தைக் குறைக்கிறாரா? அடி பலமாக விழுந்தால் மாஸ்டர் நிறுத்துகிறாரா? சேர்ந்த முதல் வாரமே முழு வேக ஸ்பாரிங்கில் இறக்கிவிடும் இடம் வேண்டாம்.

ஹெட்கார்டு போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்பது தவறு. வெட்டுக்காயமும் வீக்கமும் குறையும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. அடிபட்டபின் தலைவலி, தலைசுற்றல், மறதி, குமட்டல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அறிகுறி முழுதாகப் போய், மருத்துவர் சரி என்ற பிறகுதான் ஸ்பாரிங். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கக் கலக்கம் அதிகமானாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மவுத் கார்டை வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகை வாங்கினால் போதும். வாயைத் திறந்தாலும் அது மேல்பல்லை விட்டு விழக் கூடாது. விழுந்தால் மறுபடி இளக்கிப் பொருத்துங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர் பல் டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர் அதிகமாக இருப்பவர்கள் முகத்தில் அடிபடும் எந்தக் கலையிலும் சேருமுன் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம், ஒரு குத்திலேயே அது பிரிந்துவிடக்கூடும். கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சமோ, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகளோ தெரிந்தால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.